கள்ளுக்கடை போர்டைக் கழற்றினால் கடை மறையுமா?

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் பிரின்டர், பென் டிரைவ், பிள்ளைகளின் டேப் என்று எல்லாக் கேள்வியும் வரும். இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் வைஃபை. அதனால் மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

எங்கள் லைன் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் 13 வைஃபை பெயர்கள் வரிசையாக வருகின்றன. மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெயரை அமுக்கி, அதில் எங்கள் பாஸ்வேர்டை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு "நெட்டு போச்சு" என்கிறார். எங்களுடையது மட்டும் தெரியும்படி செய்ய முடியுமா?
– வாசகி, நல்லேப்பிள்ளி

முடியும் அக்கா. மாமனாரைக் குறை சொல்லாதீர்கள். லைன் வீடுகளில் ஒரே கேபிள்காரர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்து, கடைசி இரண்டு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்பார். எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

செட்டிங்ஸில் தேடினால் இதற்குப் பட்டன் கிடைக்காது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் தேடி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சும்மா திறந்தால் கட்டளையை ஏற்காது. அடிக்க வேண்டியதைப் போனில் எழுதிக்கொள்ளச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்-இ-டி-எஸ்-எச் சேர்த்து, இடம் விட்டு டபிள்யூ-எல்-ஏ-என். பிறகு ஆட், ஃபில்டர் என்று இரண்டு தனிச் சொற்கள். அடுத்து பெர்மிஷன், சமக்குறி, பிளாக், மூன்றும் ஒட்டி. இடம் விட்டு எஸ்-எஸ்-ஐ-டி, சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் பக்கத்து வீட்டு வைஃபை பெயர். கடைசியாக நெட்வொர்க்டைப், சமக்குறி, இன்ஃப்ராஸ்ட்ரக்சர். என்டர் தட்டினால் அந்தப் பெயர் உங்கள் லேப்டாப்பின் பட்டியலில் இருந்து போய்விடும்.

பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அடிக்கோடு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். பல ரவுட்டர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தடுக்க வேண்டும். மனம் மாறினால் அதே வரியில் ஆட் என்பதற்குப் பதில் டெலீட் போடுங்கள், திரும்ப வந்துவிடும்.

மற்ற 12 பெயருக்கும் அடிக்கச் சோம்பல் என்றால் குறுக்கு வழி உண்டு. பிளாக் என்ற இடத்தில் டினைஆல் என்று சேர்த்து எழுதி, பெயர் இல்லாமலே கட்டளையை முடித்தால் எல்லாமே மறையும். ஆனால் அதற்கு முன்னால், பிளாக் என்ற இடத்தில் அலவ் என்று போட்டு உங்கள் வீட்டுப் பெயரை அனுமதித்திருக்க வேண்டும். முன்னால்! சித்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நான் டினைஆலை முதலில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனவன். வந்து பார்த்தால் பட்டியல் துடைத்து வைத்த பலகை மாதிரி. என்ன செய்தோம் என்பதே மறந்துபோய், வைஃபை கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கத்து ஸ்க்ரூ எல்லாம் கழற்றி மேஜையில் பரப்பிவிட்டேன். அங்கே வேலை செய்கிற பெண்தான், "ஏட்டா, டீக்கு முன்னாடி கொடுத்த கமாண்டை எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். கூலி வாங்காமல் வந்தேன்.

இன்னொன்று. இது அந்த லேப்டாப்புக்கு மட்டும். மாமனாரின் போனில் 13 பெயரும் அப்படியேதான் இருக்கும். பட்டியல் சுத்தமானதால் நெட் வேகம் கூடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு ரவுட்டர் அலை வீசுவது நிற்கவில்லை, நாம் கண்ணை மூடிக்கொண்டோம், அவ்வளவுதான். வேகம்தான் குறை என்றால் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதற்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை.

எங்கள் பேக்கரி வைஃபை பாஸ்வேர்டு எப்படியோ வெளியே போய், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பசங்கள் எல்லாம் அதில்தான் வீடியோ பார்க்கிறார்கள். பெயரையே மறைத்துவிட்டால் தொல்லை தீருமா?
– பெயர் போட வேண்டாம் என்றவர், கோவிந்தாபுரம்

தீராதுங்க. நம்ம சித்தூர் பக்கத்துக் கள்ளுக்கடைகளை நினைத்துப் பாருங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து போர்டைக் கழற்றிவிட்டால் கடை எங்கே என்று தெரியாமல் போகுமா? வாசனை இருக்கிறது, போகிற வருகிற ஆள் இருக்கிறது. ரவுட்டரில் பெயரை மறைத்தாலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்குப் பத்து முறை போல அது கூவிக்கொண்டேதான் இருக்கும். பெயர் இருக்கிற இடம் மட்டும் காலி. நீங்கள் போனை இணைக்கும்போது அந்தப் பெயர் காற்றில் திறந்தபடி போகும், பிடிக்கத் தெரிந்தவன் பிடித்துவிடுவான். அதைவிட மோசம், மறைத்த வைஃபையைச் சேமித்து வைத்த போன், நீங்கள் பொள்ளாச்சி போனாலும் பாலக்காடு போனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வரும். கடையில் மறைத்ததை ஊரெல்லாம் சொல்லுகிற கதை.

அதோடு, அந்தப் பசங்களின் போனில் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கெனவே இருக்கிறதே! அவர்களுக்கு மறைத்து என்ன பயன்?

பாஸ்வேர்டை மாற்றுங்கள். குறைந்தது 8 எழுத்து, 63 வரை வைக்கலாம். கடைப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது 3 ஆக இருக்கட்டும், டபிள்யூஇபி என்று இருந்தால் அந்த ரவுட்டரையே மாற்றுங்கள், அதன் பூட்டு 2001லேயே உடைந்துவிட்டது. பாஸ்வேர்டு அடிக்காமலே இணைய விடுகிற டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின்னை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011லேயே வெளிவந்துவிட்டது. வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று திறந்து, அதன் பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள். பில் மெஷினும் கேமராவும் அதில் வேண்டாம்.

மாற்றுகிற வேலையைக் கடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பில் மெஷின், கேமரா, உங்கள் வீட்டுக்காரம்மா போன், ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் போட வேண்டிவரும்.

வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டது. லேப்டாப்பில் நெட் வருகிறது. எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், மீனாட்சிபுரம்

எடுக்கலாம் தம்பி. மேலே சொன்ன அதே கறுப்பு ஜன்னல்தான். முதல் இரண்டு சொல்லுக்குப் பின் ஷோ, ப்ரொஃபைல், நேம் சமக்குறி மேற்கோளுக்குள் பெயர், பிறகு கீ சமக்குறி க்ளியர். வருகிற வரிகளில் கீ கன்டென்ட் என்ற வரிக்கு நேராக இருக்கும். உன் லேப்டாப்பில் உட்காருகிற நண்பனும் இப்படியே எடுப்பான் என்பதையும் தெரிந்துகொள்.

வைஃபைக்குத் தமிழில் ஊர்ப் பெயர் வைக்க ஆசை. "வேலந்தாவளம்" என்று போட்டால் ரவுட்டர் ஏற்க மறுக்கிறது. சித்தூரில் மச்சான் வீட்டில் "சித்தூர்" என்று வைத்திருக்கிறார்கள், அது மட்டும் எப்படி?
– வாசகர், வேலந்தாவளம்

கேள்வி கேட்டவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது. வைஃபை பெயருக்கு மொத்த இடம் 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக 3 பைட் பிடிக்கும். "சித்தூர்" 8 குறி, 24 பைட், தாராளமாக உட்காரும். "வேலந்தாவளம்" எண்ணிப் பாருங்கள், 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட்டில் போய்விட்டது! (எங்கள் கொழிஞ்சாம்பாறை 42, நாங்கள் ஆசையே படக்கூடாது.)

கடைசிப் புள்ளியை எடுத்தால் நுழைந்துவிடும், ஆனால் "வேலந்தாவளம" என்று மொட்டையாக நிற்கும். மலையாளத்தில் எழுதினால் முழுப் பெயரும் 30 பைட்டில் அடங்குகிறது. நாம் "ம"வும் புள்ளியுமாக இரண்டு குறி போடுகிற இடத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன வட்டம் போதும். கேரள-தமிழக எல்லைச் செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் வீடு என்று நீங்கள் எழுதவில்லை.