ஒரு வருத்தமும் இல்லாதபோது வால்வு ஒபரேசன் எதற்கு?

பெருநாடி வால்வில் கசிவு கடுமை என்று எக்கோவில் (இதய ஸ்கேனில்) வந்திருக்கிறது, ஆனால் தினமும் ஓடுகிறேன், ஒரு வருத்தமும் இல்லை, ஒபரேசனைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 47 வயதில் நானும் இதே கேள்வியோடு அலைந்தவன். ஊர் மட்டக்களப்பு.

காலையில் கூட்டாளியோடு சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து போய் வருவேன். "எனக்கென்ன, நல்லாத்தானே ஓடுறன்" என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒருநாள் அவன்தான் சொன்னான்: "மச்சான், முந்தி பாலம் ஏறக்குள்ள வாய் ஓயாமக் கதைப்பாய். இப்ப இறங்கினாப் பிறகுதான் கதை வருது." எனக்கு அது தெரியவே இல்லை. உடம்பை வருத்திப் பழகியவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறோம். இளைப்பு வருமுன்பே, அறியாமல் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம்.

அதனால் மூச்சை மட்டும் நம்பாதீர்கள். பழைய எக்கோ அறிக்கைகளை எடுத்து இரண்டு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: சுருங்கிய நிலையில் இடது இதயவறையின் விட்டம், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம். கடுமையான கசிவோடு விட்டம் 50 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, வீதம் நூற்றுக்கு 55 அளவுக்கு இறங்கினாலோ, வருத்தம் இல்லாதவருக்கும் ஒபரேசன் பற்றிப் பேசுவார்கள். திரும்பி வழியும் இரத்தத்தையும் சேர்த்துச் சுமந்து அறை விரிந்துகொண்டே போகும். மிகவும் பிந்தினால், புது வால்வு வைத்தாலும் தசை பழைய பலத்துக்கு வராமல் போகலாம். எனக்கு அடுத்தடுத்த எக்கோக்களில் அந்த விட்டம் 45, 48, 51 மில்லிமீற்றர்.

பெரும்போக அறுவடை முடியட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன். சில கிழமை பரவாயில்லை, அடுத்த போகம் வரைக்கும் இழுக்க வேண்டாம் என்றார். நெஞ்செலும்பு பொருந்த 2, 3 மாதம் ஆகும். அதுவரை நெல் மூட்டையும் தூக்க முடியாது, சைக்கிளும் ஓட முடியாது. அந்தக் கணக்கில் நாள் குறித்தோம்.

இதெல்லாம் கசிவுக்கு. வால்வு சுருங்கியிருந்தால் கதை வேறு. ஓடும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்று, மயக்கம் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

நாள் குறிக்குமுன் பல் வைத்தியரிடமும் போய் வாருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி புது வால்வில் போய்த் தங்கக்கூடும். எனக்கு இரண்டு பல் பிடுங்கிய பிறகுதான் திகதியே தந்தார்கள்.