சீரியல் அம்மாக்கள்

வணக்கம் சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்த காலத்தில் மகளோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. இப்போது கொரியா, ஜப்பான், சீனா எல்லாம் பார்க்கிறேன்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். கொரிய நாயகர்கள் அழகாக இருக்கிறார்கள், ஆனால் அழுதால்கூட மூக்கு சிவப்பதில்லை. சீனத் தொடர்களில் உதடு ஒன்று பேசுகிறது, குரல் வேறு யாருடையதோ போல இருக்கிறது. 'மை மிஸ்டர்' என்ற கொரியத் தொடர் மட்டும் என்னை உலுக்கிவிட்டது. ஐயூ தன் பாட்டியைக் கடைத் தள்ளுவண்டியில் வைத்து நிலா பார்க்கத் தள்ளிக்கொண்டு போகும் இடத்தில் உடைந்துபோனேன். அதன் நாயகன் லீ சுன்-கியூன் இறந்த பிறகு அதைத் திரும்பப் பார்க்க மனசு வரவில்லை.

என் மருமகன் பெரிய சினிமா ரசிகர். "அத்தை, இதெல்லாம் மெகா சீரியல்தான். போங் ஜூன்-ஹோ, கோரே-எடா பாருங்கள்" என்கிறார். போங்கின் 'பாரசைட்' பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் யார் மேலும் எனக்குப் பாசம் வரவில்லை. நம் ஊர் சீரியல் மாதிரி அபத்தம் கொரியாவில் கிடையாது என்று சொன்னேன், அதற்கும் சிரிக்கிறார். நான் பொழுதை வீணாக்குகிறேனா? டப்பிங்கில் பார்ப்பது நல்லதா, சப்டைட்டிலிலா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மருமகன் சொன்ன இரண்டு பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். போங் ஜூன்-ஹோ 2009இல் எடுத்த 'மதர்' படத்தை அவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொலைப்பழியில் மாட்டிக்கொண்ட, அறிவு முதிராத மகனை மீட்க ஒரு தாய் எவ்வளவு தூரம் போவாள் என்பது கதை. ஆரம்பத்திலேயே அவள் நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்து மூலிகை நறுக்குவாள். கண் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மகன் மேல் இருக்கும். வெட்டுக்கத்தி விரலை நெருங்க நெருங்க நமக்குத்தான் பதறுகிறது. அந்தத் தாய் கிம் ஹே-ஜா. போங் கதையை எழுதிவிட்டு நடிகையைத் தேடவில்லை. இவரை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் வந்த ஆசை, கதை அதற்குப் பின்னால் பிறந்தது.

அப்படி என்ன இவரிடம்? எம்பிசி தொலைக்காட்சியில் 1980 முதல் 2002 வரை 'ஜோன்வோன் இல்கி' என்று ஒரு தொடர் ஓடியது. ஒரு விவசாயக் குடும்பத்தின் அன்றாடம், 1088 பகுதிகள். மருமகன் பாஷையில் சொன்னால் மெகா சீரியல்! பிழைப்புக்காக சியோலுக்கு வந்துவிட்ட ஒரு தலைமுறை, கிராமத்தில் விட்டுவந்த அம்மாவை அந்தப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டது. அந்த அம்மா கிம் ஹே-ஜா. தொடர் தொடங்கியபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மூத்த மகனாக நடித்த கிம் யோங்-கோன் அவரைவிட ஐந்து வயதுதான் இளையவர். நடிக்க வந்த மற்றொரு பெண், கிம் சூ-மி, முப்பதை ஒட்டிய வயதில் பக்கத்து வீட்டுக் கிழவியானார். இருபத்திரண்டு வருடங்கள் கிழவியாகவே இருந்து, நிஜமாகவே வயதாகி, 2024இல் மறைந்தார். மூத்த மருமகளாக வந்தவர் கோ டூ-ஷிம். இந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இப்படி நாட்டுக்கே அம்மாவாகிவிட்ட முகத்தைத்தான் போங் எடுத்துத் திருப்பிப் போட்டார். நாம் 'மதர்' பார்க்கும்போது ஒரு பிரமாதமான நடிகையைப் பார்க்கிறோம். கொரியர்கள் தங்கள் வீட்டு அம்மா அந்தக் காரியங்களைச் செய்வதைப் பார்த்தார்கள். படத்தின் பாதி பயங்கரம் சீரியலில் சேர்த்து வைத்த நம்பிக்கையிலிருந்து வருகிறது. சீரியல் பார்க்காதவருக்கு அந்தப் பாதி கிடைக்காது. மருமகனிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் குரலை உயர்த்தியே சொல்லலாம். போங்கின் படங்களில் அடிக்கடி வந்த ப்யோன் ஹீ-போங்கும் சிறுவயதில் போங் தொலைக்காட்சியில் பார்த்து ரசித்தவர்தான்.

ஜப்பானிய இயக்குநர் கோரே-எடா விஷயம் இன்னும் வேடிக்கை. அவரே தொலைக்காட்சி ஆவணப்படங்களிலிருந்து வந்தவர். அவருடைய 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்தில் வரும் பாட்டி கிரின் கிகி, அந்த வேடத்துக்காகப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தார். 2018இல் படம் கான் விழாவில் தங்கப்பனை விருதை வாங்கியது, அதே வருடம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார். எல்லோரும் அவரை உயர்ந்த சினிமாவின் பாட்டி என்று எழுதினார்கள். அவர் பாட்டியானது 1974இல், 'டெராவுச்சி கன்தாரோ இக்கா' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரில். அப்போது வயது 31. மகனாக நடித்தவர் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அந்தப் பாட்டி, பாடகர் சவாடா கென்ஜியின் படத்துக்கு முன்னால் நின்று "ஜூலி!" என்று அவருடைய செல்லப்பெயரைச் சொல்லி உடம்பை நெளித்துக் கூவுவதை ஜப்பானில் ஒரு தலைமுறையே பார்த்துச் சிரித்தது. (1977இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏலத்துக்குப் பொருள் கேட்டபோது, விற்க வேறு எதுவும் இல்லை என்று தன் அன்றைய திரைப்பெயரையே ஏலம் விட்டுவிட்டார். கிரின் கிகி அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட பெயர்.)

அந்த 1974 தொடரை எழுதியவர் முகோடா குனிகோ. 1981இல் தைவான் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சிக்காக 1979இல் எழுதிய நான்கு சகோதரிகளின் கதையைத்தான் கோரே-எடா 2025இல் 'அசுரா' என்று ஏழு பகுதிகளாக நெட்ஃப்ளிக்ஸில் மறுபடி எடுத்தார். தங்கப்பனை விருது வாங்கிய அதே கையால் பழைய சீரியல் ஒன்றை இவ்வளவு மரியாதையாகத் தொட்டிருக்கிறார். ஆக, மருமகன் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் நின்று சண்டை போட இங்கே இரண்டு கட்சிகளே இல்லை. ஹாங்காங்கின் டோனி லியூங்கும் சௌ யுன்-ஃபாத்தும் டிவிபி தொலைக்காட்சியின் நடிப்புப் பயிற்சி வகுப்பில் படித்து, தொடர்களில் புழங்கி, பிறகு சினிமாவுக்குப் போனவர்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்தத் தொடர்களைப் பார்க்கும்போது அம்மாக்களையும் பாட்டிகளையும் பாருங்கள். நடிப்பு அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் உடைந்துபோன அந்தத் தள்ளுவண்டிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயூ நன்றாகவே செய்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, பேச்சு வராது. வசனம் என்ற கைத்தடி இல்லாமல் முகத்தையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டு, நிலாவைப் பார்த்த சந்தோஷத்தையும் பேத்திக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற கூச்சத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். சோன் சூக், நாடக மேடையில் பல பத்தாண்டுகள் நின்றவர். 1999இல் கொஞ்ச நாள் சுற்றுச்சூழல் அமைச்சராகக்கூட இருந்திருக்கிறார். அடுத்து அதே தொடரில் வரும் மூன்று சகோதரர்களின் அம்மா. ஒரு மகன் கடனாளி, ஒரு மகன் தோற்ற சினிமாக்காரன், நடு மகன் மட்டும் ஒழுங்காகச் சம்பாதிக்கிறான். அவனிடம் பெருமையும் சலிப்பும் கலந்து திட்டிக்கொண்டே சோறு போடுகிறாளே, அதுதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன கோ டூ-ஷிம். ஜேஜு தீவில் பிறந்தவர்.

நாயகர்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் முக்கால் பங்கு எனக்குச் சம்மதம். அந்த முகங்களை நம்பித்தான் வெளிநாட்டு விற்பனையும் அழகுசாதன விளம்பரமும் நடக்கின்றன. மூக்கு சிவந்தால் யாருக்கு லாபம்? பணக்கார வாரிசு ஏழைப்பெண்ணைக் காதலிக்கும் தொடர் எதையும் நான் நான்கு பகுதிகளுக்கு மேல் தாண்டியதில்லை. சீனத் தொடர்களில் நீங்கள் கவனித்ததும் சரிதான். அங்கே படப்பிடிப்பு முடிந்தபின் குரல் கலைஞர்களை வைத்துப் பேச வைப்பது வெகு சாதாரணம். 2011இல் வந்த 76 பகுதி அரண்மனைத் தொடரில் சுன் லி நாயகி, குரல் ஜி குவான்-லின் என்பவருடையது.

ஆனால் கொரியாவில் அபத்தம் கிடையாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. 2008 நவம்பரில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு தினசரித் தொடர், 'மனைவியின் சபலம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனால் கைவிடப்பட்டு இறந்ததாக எல்லோரும் நினைக்கும் பெண், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். அவ்வளவுதான். கட்டிய புருஷனுக்கே அடையாளம் தெரியவில்லை! அவளையே மறுபடி காதலிக்கிறான். 129 பகுதிகள், நாடே பார்த்தது. கொரியர்கள் இன்றுவரை அந்த மச்சத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காலையும் மாலையும் வாரக் கடைசியிலும் இப்படிப்பட்ட தொடர்கள் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் பதினாறு பகுதித் தொடர்களில் சலித்தெடுத்தவை.

அந்த அபத்தங்களுக்கும் எனக்கு ஒரு நன்றி உண்டு. யூன் யோ-ஜோங் 2021இல் 'மினாரி' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். 1971இல் சினிமாவில் பெரிய பெயரோடு வந்தவர், கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போனார். எண்பதுகளில் திரும்பிவந்து, மணமுறிவுக்குப் பின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கக் கிடைத்த சின்ன வேடங்களையெல்லாம் செய்தார். ஆஸ்கர் மேடையிலேயே, தன்னை வேலைக்குத் துரத்திய இரண்டு மகன்களுக்கு நன்றி சொன்னார். வாரக் கடைசித் தொடர்களின் அம்மாவாகவும் மாமியாராகவும் இருந்த சம்பளம் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது. நாற்பதைத் தாண்டிய நடிகைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது தொலைக்காட்சிதான். தொடர்ந்து வேலை இருந்ததால்தான் அந்தக் கைத்திறன் துருப்பிடிக்கவில்லை.

'பாரசைட்' மேல் உங்களுக்குப் பாசம் வராதது குற்றமில்லை, அந்தப் படம் பாசத்தைக் கேட்கவும் இல்லை. ஆனால் மழை இரவில் மணியடித்துவிட்டுக் கேமராவுக்கு முன்னால் அசடு வழியச் சிரிக்கும் பழைய வேலைக்காரப் பெண்ணைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். அவர் லீ ஜங்-உன். 'அவர் ப்ளூஸ்' (Our Blues) என்ற கொரியத் தொடரில் மீன் விற்பவராக வருகிறார். அங்கே பாசம் வரும்.

லீ சுன்-கியூன். 2023 டிசம்பர் 27இல், 48 வயதில் போய்விட்டார். போதைப்பொருள் புகாரில் விசாரணை நடந்தது, பரிசோதனைகளில் எதுவும் உறுதிப்படவில்லை, அதற்குள் ஒவ்வொரு முறை காவல் நிலையத்துக்கு வருவதும் போவதும் கேமராக்களுக்கு முன்னால் நடந்தது. அடுத்த மாதமே போங் ஜூன்-ஹோவும் மற்ற கலைஞர்களும் செய்தியாளர்களைக் கூட்டி, விசாரணை நடந்த விதத்தையே விசாரிக்க வேண்டும் என்றார்கள். 'மை மிஸ்டர்' முழுக்க, ஒரு மனிதன் உள்ளே இடிந்துகொண்டு வெளியே ஆபீஸுக்குப் போய்வருவதைத்தான் அவர் நடித்திருந்தார். அதை இப்போது பார்ப்பது கஷ்டம், தெரியும். அவசரமில்லை. எனக்கு அதைத் திரும்பப் பார்க்கத் துணிவு தந்தது அவர் குரல்தான். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் கனத்த குரலை வேறு யாரும் பேசிவிட முடியாது.

டப்பிங்கா சப்டைட்டிலா என்ற கேள்விக்கும் இதுவே பதில். சமையல் செய்துகொண்டே பார்க்க டப்பிங் போதும். இந்த வயதான நடிகைகளைப் பார்ப்பதென்றால் அவர்கள் குரலிலேயே கேளுங்கள். 'அவர் ப்ளூஸ்' ஜேஜு தீவில் நடக்கிறது. அந்தத் தீவின் வட்டாரப் பேச்சு மற்ற கொரியர்களுக்கே புரியாமல், சொந்த நாட்டு ஒளிபரப்பிலேயே கொரிய மொழியில் சப்டைட்டில் போட்டார்கள். அப்புறம் நமக்கு என்ன வெட்கம்?

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் 'டியர் மை ஃப்ரெண்ட்ஸ்', 2016, எழுதியவர் நோ ஹீ-கியோங். கிம் ஹே-ஜா, நா மூன்-ஹீ, யூன் யோ-ஜோங், கோ டூ-ஷிம் எல்லோரும் ஒரே தொடரில். காலமெல்லாம் கஞ்சப் புருஷனுக்கு ஆக்கிப்போட்ட நா மூன்-ஹீ ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்புவார், அதுவும் சண்டை போடாமல். பிறகு மருமகனோடு சேர்ந்து கோரே-எடாவின் 'ஸ்டில் வாக்கிங்'. மூத்த மகன் ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்திருப்பான். பிழைத்த பையனை அந்த வீடு வருடா வருடம் நினைவு நாளுக்கு அழைக்கும். ஏன் அழைக்கிறேன் என்று கிரின் கிகி பின்னல் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லும் இடத்தில் மருமகன் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

'அவர் ப்ளூஸ்' கடைசியில். லாரியில் சாமான் விற்கும் மகனாக லீ பியோங்-ஹன், அவன் பேசவே விரும்பாத அம்மாவாக கிம் ஹே-ஜா. மாற்றாந்தகப்பனின் திதிக்கு இருவரும் சேர்ந்து போகும் பயணம் 18ஆம் பகுதியிலிருந்து வருகிறது. அந்த மூன்று பகுதிகளை வீட்டில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு துண்டோடு.