மகள் பெயர் மாறிய ஞாயிறு

கேள்வி: வயது 43, சென்னை. பிப்ரவரியில் 10 கி.மீ. 58 நிமிடத்தில் ஓடினேன். மே மாதம் 66 ஆகிவிட்டது. வெயில் வருமுன், காலை 5 மணிக்கே கிளம்பியும் இப்படி. போன ஞாயிறு 18 கி.மீ. ஓடிவிட்டு வந்து மகளை என் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம், வீட்டில் ஒரே சிரிப்பு. எனக்கு நினைவே இல்லை. வேகம் திரும்ப எந்த உப்பு பானம் குடிக்கலாம்?

பதில்: பானம் கிடக்கட்டும், தம்பி. பெற்ற மகளின் பெயர் மாறியிருக்கிறது, அது நினைவிலும் இல்லை. இதைச் சிரிப்புச் செய்தியாக எழுத எப்படி மனசு வந்தது? உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிக் குழப்பமும் சேர்ந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றால்தான் அது என்பார்கள்; ஓடுகிறவர்களுக்கு வியர்க்க வியர்க்கவே வரும். வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச் சத்து இறங்கினாலும் இதே உளறல்தான். எதுவென்று டாக்டர் சொல்லட்டும். அவர் சரி என்னும்வரை ஷூவைத் தொடாதீர்கள்.

டாக்டரிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று சொல்ல அவரால்தான் முடியும். பிள்ளை பெற்றவன் தன் உடம்பின் கோளாறை வீட்டுக்கு மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. பொழுதுபோக்குக்கு ஓடுகிறவன் மறைத்தால் எனக்குக் கோபமே வரும்.

காலை 5 மணிக்கு வெயில் இல்லைதான். ஆனால் சென்னையில் ஈரப்பதம் ஏறி நிற்பது அந்த வேளையில்தான். வியர்வை காற்றில் உலர்ந்தால் உடல் குளிரும்; சொட்டிப் போனால் நீர்தான் நட்டம். 2019-ல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வெக்கையில் ரத்தத்தில் ஒரு பங்கு சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போய்விடுகிறது, வியர்த்து அதன் அளவும் குறைகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும், கால் தளரும். அந்த 8 நிமிடம் அங்கேதான் போயிற்று.

டாக்டர் அனுமதித்த பிறகு 20 நிமிட மெதுவோட்டத்தில் தொடங்குங்கள். உடல் வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். வேகத்தைப் பார்க்காமல் நாடித்துடிப்பைப் பாருங்கள். ஓடுமுன்னும் பின்னும், வியர்த்த துணியைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். 70 கிலோக்காரர் 1.4 கிலோவுக்கு மேல் இழந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் மிஞ்சிவிட்டது. நீண்ட ஓட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமே போதும், அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கி.

மறுபடி உளறல் வந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் வீட்டார் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்க மாற்றி மாற்றிப் போட்டு விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: அப்பா பெயர் மாற்றிக் கூப்பிட்டால் சிரிக்காமல் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.