ஸ்கோர் 790, கணக்கு மட்டும் மறுப்பு

கேள்வி: நியூஜெர்சியில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிரெடிட் ஸ்கோர் 790. ஆனாலும் புதிய வங்கி ஒன்றில் சேமிப்புக் கணக்கு தொடங்க விண்ணப்பித்தபோது மறுத்துக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். மூன்று கிரெடிட் அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எதை வைத்து மறுத்தார்கள்?

பதில்: அந்தக் கடிதத்தை மீண்டும் எடுங்கள். 'வருந்துகிறோம்' என்ற வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிடுவதுதான் பலரின் வழக்கம். ஓர் அறிக்கையைப் பார்த்துத்தான் மறுத்தார்கள் என்றால், அதைத் தந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 1970-இல் இயற்றப்பட்ட நியாயமான கிரெடிட் அறிக்கைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வங்கிக் கணக்கு விஷயத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் செக்ஸ்சிஸ்டம்ஸ் அல்லது ஏர்லி வார்னிங் சர்வீசஸ். (முதல் பெயர் தமிழில் சங்கடப்படுத்துகிறது, காசோலையைக் குறிக்கும் 'செக்'தான் அது.) நீங்கள் எடுத்துப் பார்த்த கிரெடிட் அறிக்கைகளைத் தரும் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் முக்கியமாக நீங்கள் வாங்கிய கடனைப் பார்ப்பவை. முதலில் சொன்ன இரண்டும் நீங்கள் வங்கிக் கணக்கை நடத்திய விதத்தைப் பார்ப்பவை.

முன்பு வேறு ஊரில் இருந்தபோது ஏதாவது கணக்கை மூடாமல் விட்டுவந்தீர்களா? அதில் 9 டாலர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரக் கட்டணம் 12 டாலர். முதல் மாதமே கணக்கு மைனஸில் விழுந்துவிடும். அதன் மேல் மேலும் கட்டணம் ஏறும். கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் வங்கி தானே கணக்கை மூடி, பாக்கியைப் பதிந்துவிடும். செக்ஸ்சிஸ்டம்ஸில் அந்தப் பதிவு பொதுவாக 5 ஆண்டுகள் நிற்கும்.

மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் கேட்டால் அறிக்கையின் நகல் இலவசம். அது தவறிப்போனாலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்கலாம். பதிவு தவறென்றால் ஆதாரத்துடன் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரிக்க வேண்டும். சரிபார்க்க முடியாத பதிவை நீக்கியாக வேண்டும். பதிவு உண்மையென்றால் பாக்கியைக் கட்டி, கட்டியதற்கான கடிதத்தைப் பழைய வங்கியிடம் வாங்குங்கள். பணம் கட்டியவுடன் பதிவு அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். 'தீர்க்கப்பட்டது' என்று மாறும், அவ்வளவுதான்.

இப்படி அறிக்கை தருபவை இன்னும் பல உண்டு: வேலை, சம்பள விவரத்துக்கு 'தி ஒர்க் நம்பர்', ஆயுள் காப்பீட்டுக்கு எம்ஐபி, வாடகைதாரரைப் பற்றி விசாரித்துத் தரும் நிறுவனங்கள். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் 'க்ளூ' அறிக்கையை மறக்காதீர்கள். அந்த வீட்டுக்காக முந்தைய உரிமையாளர் கேட்ட காப்பீட்டு இழப்பீடுகள் 7 ஆண்டுகள் வரை அதில் இருக்கும். குழாய் உடைந்து தண்ணீர் புகுந்த கதை உட்பட. வாங்குபவரால் அதை நேரடியாக எடுக்க முடியாது, விற்பவரைத்தான் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.

மறுப்புக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என நீங்கள் எழுதவில்லை. 60 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நகலை இன்றே கேட்டுவிடுங்கள்.