மின்சார கார் கடன்: வட்டிக்கு வரிக்கழிவு உண்டா?

கேள்வி: மின்சார கார் வாங்க 2023 மார்ச் 28-ல் வங்கி கடனை அனுமதித்தது. பணம் ஏப்ரலில்தான் ஷோரூமுக்குப் போனது. நான் மாதச் சம்பளக்காரன். 2024-25 நிதியாண்டுக்கு வட்டியைக் கழிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு பார்ப்பது கடன் அனுமதியான தேதியைத்தான். அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் இருக்க வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் தப்பித்தீர்கள்! அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான்: முழுத் தவணையையும் கழித்துவிடுகிறார்கள். அசலுக்குச் சலுகை கிடையாது. ஆண்டில் கட்டிய 2,52,000 ரூபாயில் வட்டி 70,000 என்றால், அந்த 70,000 மட்டுமே வருமானத்திலிருந்து கழியும். உச்சவரம்பு 1,50,000. நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து 14,560 ரூபாய் மிச்சம். வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். கடன் கணக்கு எண், வண்டிப் பதிவெண் ஆகியவற்றையும் வருமான வரிப் படிவம் கேட்கும்.

பழைய வரி முறையில் மட்டுமே இது செல்லும். புதிய முறைதான் தானாக அமையும் என்பதால், படிவத்தில் நீங்களே மாற்ற வேண்டும், அதுவும் கெடு தேதிக்குள். தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய முறை கிடைக்காது; கழிவும் போய்விடும்.