மகள் ஓராண்டு காட்டில் அறிவியல் நடத்தப் போகிறார்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உயிரியலில் பட்டம் வாங்கிய மகள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைப்பகுதியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஓராண்டு போகிறேன் என்கிறார். "நான்கு ஆண்டு கட்டணம் கட்டியது இதற்குத்தானா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, இந்தச் சேவைத் திட்டம் நம் குடும்பங்களுக்கு அதிகம் பழக்கமில்லை என்பதால் வருவது. முதலில் அதைத் தீர்த்துவிடலாம்.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது அமெரிகார்ப்ஸ் இடம். 1993-இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான, மத்திய அரசின் தேசிய சேவைத் திட்டம் அது. அரசு நிதி கொடுக்கிறது. ஒரு பல்கலைக்கழகமோ லாப நோக்கற்ற அமைப்போ ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பணியில் அமர்த்துகிறது. இதில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். உங்கள் மகள் இங்கே பிறந்தவர் என்பதால் சிக்கல் இல்லை. எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இதில் சேர முடியாது. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் இதே நிலைதான்.

அடுத்தது பணம். மாதாமாதம் வருவது சம்பளம் அல்ல, வாழ்க்கைச் செலவுக்கான படி. அது குறைவுதான், அதை மறைத்து எழுத மாட்டேன். வருமான வரியும் உண்டு. முழுநேரச் சேவை என்பது 1,700 மணி நேரம். வாரம் 40 மணி என்று வைத்தாலே ஏறக்குறைய 43 வாரம் ஆகும். அதை முழுமையாக முடித்தால் கல்வி விருதுத் தொகை கிடைக்கும். அந்த ஆண்டின் அதிகபட்ச பெல் மானியம் (வருமானம் குறைந்த கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) எவ்வளவோ அதுதான் விருதுத் தொகை. அண்மை ஆண்டுகளில் அது 7,395 டாலராக இருந்து வருகிறது. 900 மணி நேர அரைப்பணிக்கு அதில் பாதி. ஏழு ஆண்டுகளுக்குள் மேற்படிப்புக் கட்டணத்துக்கோ, மகள் பெயரில் உள்ள மத்திய அரசு கல்விக் கடனுக்கோ அதைப் பயன்படுத்தலாம். பெற்றோர் பெயரில் நீங்கள் வாங்கிய பிளஸ் கடனுக்கு அது செல்லாது. தனியார் வங்கிக் கடனுக்கும் செல்லாது. பயன்படுத்தும் ஆண்டில் அந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்படும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். சேவைக் காலத்தில் தகுதியான கடன்களின் தவணையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். சேவையை வெற்றிகரமாக முடித்தால், இடையில் ஏறிய வட்டியையும், விருதுத் தொகையைத் தரும் தேசிய சேவை அறக்கட்டளையே கட்டிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

முழுநேரச் சேவையாளருக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டியது அமைப்பின் பொறுப்பு. 26 வயதுவரை உங்கள் காப்பீட்டிலும் அவர் தொடரலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலைப்பகுதியில் உங்கள் காப்பீட்டின் வலைப்பின்னலுக்குள் ஒரு மருத்துவமனைகூட இல்லாமல் போகலாம்.

இனி வேலையைப் பற்றி. அவர் "பிள்ளைகளைக் காட்டில் நடத்திக்கொண்டு போவார்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை இன்னும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டுகிறேன்.

ஐடஹோவில் இதற்கு ஒரு மரபே இருக்கிறது. ஐடஹோ பல்கலைக்கழகம் 2001 முதல் பயெட் ஏரிக்கரையில் மெக்கால் வெளிக்கள அறிவியல் பள்ளியை நடத்துகிறது. வயோமிங்கில் டீட்டான் அறிவியல் பள்ளிகள் 1967-இலும், கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இன்று நேச்சர்பிரிட்ஜ் எனப்படும் அமைப்பு 1971-இலும் தொடங்கின. பள்ளிகள் ஒரு வகுப்பை அப்படியே சில நாட்களுக்கு அனுப்பும். பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். ஒரு சிறு குழு உங்கள் மகளின் பொறுப்பில் வரும். ஓடையில் வலை வீசி, கல்லைப் புரட்டி, மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை இளம்பூச்சிகளைத் தட்டில் இட்டு எண்ண வைப்பார். அவை குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த, சுத்தமான நீரில் வாழ்பவை. அவை மறைந்து புழுக்களும் கொசுவினத்து இளம்பூச்சிகளும் மட்டும் மிஞ்சினால் ஓடைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அந்த முடிவை மகள் சொல்லக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை தான் எண்ணியதை வைத்துத் தானே சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காக வெப்பநிலை எடுத்து, அந்தப் பனி உருகினால் எவ்வளவு நீர் கிடைக்கும் என்று கணக்கிடுவார்கள். மேற்கு மாநிலங்களின் கோடைக்கால நீரில் பெரும்பகுதி அந்த மலைப் பனியிலிருந்து வருவதால் இது வெறும் விளையாட்டுப் பாடமல்ல.

2013-இல் அமெரிக்கப் பள்ளிகளுக்காக வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் பாடத்தரம் கேட்பதும் இதைத்தான்: விடையை மனப்பாடம் செய்வதைவிட, கவனித்து, கேள்வி எழுப்பி, சான்று காட்டிப் பேசுவது. தெரிந்த விடையை உதட்டிலேயே நிறுத்திக்கொண்டு ஒரு பிள்ளையைத் தானாக அங்கே வந்துசேர விடுவது மிகக் கடினமான திறமை. கல்லூரி ஆய்வகத்தில் அது வராது. மழையில், பசியில் இருக்கும் குழுவோடு, வீட்டு நினைப்பில் அழும் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு அதைச் செய்து பழகியவரை நான் மதிக்கிறேன். நோயாளிக்கு அவர் நோயைப் புரிய வைக்க வேண்டிய மருத்துவருக்கும் இந்தப் பழக்கம் பயன்படும்.

ஆனால் எல்லா இடமும் இப்படி இருப்பதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது இங்கேதான். சில இடங்களில் சேவையாளர்கள் பாதி நாளைச் சமையலறையிலும் விடுதி துப்புரவிலும் கழிக்கிறார்கள். வாராவாரம் அவர்கள் பாடம் நடத்துவதைக் கூடவே நின்று கவனித்துத் திருத்த ஓர் அனுபவசாலி இல்லாவிட்டால், முதல் மாதத்தில் கற்றதையே பத்து மாதமும் திரும்பச் செய்வார்கள். ஆகவே மகளை அமைப்பிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம்? மேற்பார்வையாளர் யார், அவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார்? பள்ளிக்குழுக்கள் வராத குளிர்கால வாரங்களில் மணிக்கணக்கு எப்படி நிரம்பும்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1,700-ஐ எட்டாவிட்டால் விருதுத் தொகை சிக்கலாகிவிடும். தங்குமிடமும் உணவும் இலவசமா, படியில் பிடித்தமா, கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கட்டும். காட்டுப்பகுதி முதலுதவிப் பயிற்சியை அமைப்பே தன் செலவில் தருமானால் அது நல்ல அறிகுறி. கடந்த ஆண்டு அங்கே சேவை செய்த இருவரோடு பேச அனுமதி கேட்கட்டும். தயங்கும் அமைப்பைப் பற்றி நானும் தயங்குவேன்.

ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வேறு வேலை கிடைத்தது, கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதற்காகப் பாதியில் விலகினால் பொதுவாக விருதுத் தொகையில் ஒரு டாலரும் வராது. கடும் நோய், குடும்பத்தில் இறப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே, அதுவும் குறைந்தது 15 விழுக்காடு முடித்திருந்தால், செய்த அளவுக்குத் தருவார்கள். உங்கள் மகளுக்குத் தேதிகள் கைக்கடிகாரம்போல் துல்லியமாகப் பொருந்த வேண்டும்: மகளின் சேவைக் காலம் ஆகஸ்டு இறுதியில் முடிவதாகவும், மருத்துவக் கல்லூரி அதற்கு முன்பே தொடங்குவதாகவும் இருந்தால், சில வார வித்தியாசத்தில் முழுத் தொகையும் போய்விடும். முடியும் தேதியை முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரிக் கனவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓராண்டு இடைவெளி அதைக் கெடுக்காது. பட்டம் பெற்று ஓரிரு ஆண்டு கழித்துச் சேர்பவர்கள் இன்று ஏராளம். கவனிக்க வேண்டியது எம்கேட் எனப்படும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணின் ஆயுள். பல கல்லூரிகள் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதை ஏற்பதில்லை. அவர் ஏற்கெனவே எழுதியிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுதவில்லை என்றால் சேவைக்கு நடுவே படித்து எழுதலாம் என்று நம்ப வேண்டாம். நாள் முழுவதும் வெளியே நின்று வந்த உடம்பு இரவில் புத்தகத்தைத் திறக்காது. போவதற்கு முன் எழுதட்டும், அல்லது வந்த பிறகு எழுதட்டும். வெளிக்களத்தில் இருக்கும் நாட்கள் மருத்துவ அனுபவமாகக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஒருவேளை அவர் இந்தத் துறையிலேயே தங்கிவிட்டால்? அதுதான் உங்கள் மனத்தின் அடியில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். தங்கலாம். ஓரிகன் மாநில மக்கள் 2016-இல் வாக்களித்து, ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு வார வெளிக்களப் பள்ளிக்கு லாட்டரி நிதியிலிருந்து வழி செய்தார்கள். வாஷிங்டன் மாநிலமும் 2022-இல் அதே திசையில் சட்டம் இயற்றியது. பள்ளி ஆசிரியர் உரிமம், அருங்காட்சியகக் கல்விப் பணி, பூங்காப் பணி, சுற்றுச்சூழல் கல்வியில் முதுகலை என்று பாதைகள் இருக்கின்றன. வருமானம் மருத்துவருக்கு அருகில்கூட வராது. அதை அறிந்தே அவர் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய உரிமை. இருபத்திரண்டு வயதில் அதை அவரோடு சமமாக உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் ஆபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2025 ஏப்ரலில் மத்திய அரசு அமெரிகார்ப்ஸ் மானியங்களில் கணிசமான பகுதியை ஆண்டின் நடுவிலேயே திடீரென ரத்து செய்தது. சேவையில் இருந்த பல இளைஞர்கள் ஓரிரு நாளில் வெளியேற நேர்ந்தது. பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்து, அந்த மாநிலங்களுக்கு நீதிமன்றம் நிதியை மீட்டுத் தர உத்தரவிட்டது. நிதி நின்றால் தங்குமிடம் எத்தனை நாள் இருக்கும், அமைப்பு தன் பணத்தில் சேவையாளர்களைத் தொடர வைக்குமா என்பதை மகள் கேட்கட்டும். நீங்களும் மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் கைரேகைப் பதிவும் கட்டாயம், அதற்குச் சில வாரம் பிடிக்கும். ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும், கையெழுத்துக்கு முன், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உள்ள பக்கத்தையும், தங்குமிடம் பற்றிய பக்கத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மகளோடு சேர்ந்து வரி வரியாகப் படிக்கிறேன்.