எட்டு மாதம் போய்விட்டது, டெலிவரி தேதியைப் பாருங்கள்

கேள்வி: மதுரை செல்லூரில் துண்டு, போர்வை நெய்து ஏற்றுமதி செய்கிறேன். தூத்துக்குடியிலிருந்து மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு 200 அட்டைப்பெட்டிகள் அனுப்பினேன். கண்டெய்னரைத் திறந்தபோது 45 பெட்டிகள் நனைந்திருந்தன. வாங்கியவர் அதற்கான பணத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பல் கம்பெனி எட்டு மாதமாக "பார்க்கிறோம்" என்றே மெயில் அனுப்புகிறது. என்ன வழி?

பதில்: ஐயா, அந்த மெயில்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சரக்கு டெலிவரியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கப்பல் கம்பெனியின் பொறுப்பே தீர்ந்துவிடும். 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்த இந்தக் கெடு, 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்திலும் மாறவில்லை. "பார்க்கிறோம்" என்ற சொல் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. அவகாசம் தர ஒப்புக்கொள்வதாக அவர்கள் எழுதித் தர வேண்டும்.

இன்னொரு கண்ணி உண்டு. செல்லூர் கிடங்கிலிருந்தே லாரி, கப்பல் இரண்டுக்கும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்று ஆவணம் கொடுத்திருந்தால், 1993-ஆம் ஆண்டின் பன்முகப் போக்குவரத்துச் சட்டம் வரும். அதில் கெடு ஒன்பதே மாதம். உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில வாரங்கள்தான்!

அப்புறம், பில் ஆஃப் லேடிங்கை (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தந்த ஆவணம்) எடுங்கள். சரக்கின் மதிப்பை அதில் குறிக்காவிட்டால், கம்பெனி தர வேண்டியது அதிகபட்சம் ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது கூடுதலோ அது. (எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு; அதன் மதிப்பு ஒரு டாலரைவிடக் கூடுதல்.) பெட்டி 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "200 பெட்டிகள்" என்று எழுதியிருந்தால் 45 பெட்டிக்கு உச்சவரம்பு சுமார் 30,000 எஸ்.டி.ஆர். "ஒரு கண்டெய்னர்" என்று மட்டும் இருந்தால் எடைக் கணக்கில் 3,600 எஸ்.டி.ஆர்.தான். அடுத்த முறை எண்ணிக்கையை எழுத வைக்காமல் விடாதீர்கள்.

வாங்கியவர் பணத்தைப் பிடித்தது சரியா? விற்பனை ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவது வரை விற்பவர் செலவு), சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் செலவு) எதுவானாலும், சரக்கு கப்பலேறியதும் சேத அபாயம் அவருடையது. ஏறும் முன்பே மழையில் நனைந்திருந்தால் நஷ்டம் உங்கள் தலையில். அதனால் சர்வே அறிக்கையில் வெள்ளி நைட்ரேட் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீரா, மழைநீரா என்பதை அது காட்டும்.

பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்றும் இருக்கும். வெளிநாடு என்றால் அங்கே வக்கீல் பிடிக்கவே நாளாகும். இந்த வாரமே பில், இன்வாய்ஸ், சர்வே அறிக்கை, மெயில்களோடு கடல்சார் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.